கூரைக்குள் ரக்கூன் புகுந்தால் பிடித்து வெளியேற்றுவது மட்டும் ஏன் போதாது?

ரக்கூன் என்பது வட அமெரிக்காவைச் சேர்ந்த, கண்களைச் சுற்றிக் கறுப்புப் பட்டை கொண்ட, இரவில் இரைதேடும் விலங்கு. அது வீட்டுக்கு வருவது இரண்டுக்காகத்தான்: சாப்பாடு, பத்திரமான இடம். முன்னங்கால்களுக்குத் தொடுவுணர்வு மிக அதிகம் என்பதால் குப்பைத்தொட்டி மூடியையும் தளர்ந்த கூரைப் பலகையையும் தடவிப் பார்த்தே திறந்துவிடும்.

ஒன்றைப் பிடித்து அகற்றினால், காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு எறும்பை மட்டும் துடைப்பது போலத்தான் இது. ஆகவே முதலில் குப்பைத்தொட்டியை இறுக மூடுங்கள். நாய், பூனைத் தீனியை இரவில் வெளியே விடாதீர்கள்.

பிறகுதான் ஓட்டையை அடைப்பது. வசந்தகாலத்தில் இதில் அவசரப்படவே கூடாது. அப்போது மேலே இருப்பது பெரும்பாலும் குட்டி போட்ட தாய். வழியை அடைத்தால் குட்டிகள் உள்ளே பட்டினியால் சாகும். தாயோ கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வரப் பார்க்கும். விளக்கை எரியவிட்டு ரேடியோவை ஒலிக்கவிட்டால், பல நேரம் தாயே குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறிடம் போய்விடும். எனக்குத் தெரிந்து இதுதான் இரு தரப்புக்கும் நல்ல வழி. உள்ளே எதுவும் இல்லை என்று உறுதியானதும் கெட்டியான கம்பிவலையால் அடைத்துவிடலாம். எச்சத்தை வெறுங்கையால் தொடாதீர்கள்; மனித மூளையைத் தாக்கக்கூடிய உருண்டைப்புழுவின் முட்டைகள் அதில் இருக்கலாம்.

பகலில் தென்படும் ரக்கூனுக்கெல்லாம் வெறிநோய் என்று பலர் நினைப்பது தவறு: பாலூட்டும் தாய் பகலிலும் இரைதேடும், தள்ளாடி நடப்பது போன்ற அறிகுறி இருந்தால் சந்தேகப்பட்டு விலக வேண்டும்.