ஆச்சி பதில்கள்: ரேடியம் கடிகாரம் முதல் வியன்னா வரை

(31 ஆண்டுகள் மருத்துவமனைகளில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது தேவகோட்டையில் வசிக்கும் ஆச்சி வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஆச்சி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது, பர்மாவிலிருந்து வந்த அலாரம் கடிகாரம் ஒன்று கிடைத்தது. எண்களில் பூசியிருப்பது ரேடியம் என்கிறார்கள். ஆனால் இருட்டில் ஒளிரவில்லை. பயமில்லைதானே?
– கடைக்காரர், காரைக்குடி

ஒளிரவில்லை என்பதை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள் தம்பி. அந்தப் பூச்சில் இரண்டு சரக்கு உண்டு. ஒன்று ரேடியம். இன்னொன்று, அதன் கதிர் பட்டால் மினுங்கும் துத்தநாக சல்பைடு. மினுங்குகிற சரக்கு சில பத்து வருடங்களில் தேய்ந்துபோகும். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும்.

எங்கள் ஐயா ரங்கூனில் வாங்கிய டைம்பீஸ் ஒன்று பட்டாலையில் இருந்தது. வேலையில் இருந்தபோது அனுமதி வாங்கி கதிர்வீச்சை அளக்கும் ஒரு சர்வே மீட்டரைக் கொண்டுவந்து அதன் முன்னால் வைத்துப் பார்த்தேன். கண்ணாடிக்கு நேரே முள் விறுவிறுவென்று ஏறியது. ஒரு கை தூரம் தள்ளி வைத்ததும் அடங்கிவிட்டது. அலமாரியில் சும்மா இருக்கிற கடிகாரம் பெரிய ஆபத்தில்லை. பாலிஷ் போடுகிறேன் என்று கண்ணாடியைக் கழற்றுவதும், எண்களைச் சுரண்டுவதும்தான் ஆபத்து. அந்தத் தூள் மூச்சிலோ வாயிலோ போய்விட்டால் எலும்பில் தங்கிவிடும். 1920களில் அமெரிக்காவில் இந்த எண்களை எழுதிய இளம்பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். பலருக்குத் தாடை எலும்பே அரித்துப்போனது.

எக்ஸ்ரேயும் ரேடியமும் மருத்துவர்களையும் விட்டுவைக்கவில்லை. அதனால் 1928-இல் பல நாட்டுக் கதிரியக்க மருத்துவர்கள் ஸ்டாக்ஹோமில் கூடி அமைத்த குழுதான் இன்றைய பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழு. பொதுமக்களுக்கு, இயற்கையாக வருவதும் மருத்துவத்துக்காக வாங்குவதும் போக, ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்ற வரம்பு அவர்கள் பரிந்துரைத்ததே. கடிகாரத்தை விற்பதானால், வாங்குபவரிடம் விஷயத்தைச் சொல்லி விற்றுவிடுங்கள்.

வேறொரு நாட்டில் அணு உலை விபத்து நடந்தால் அவர்கள் நமக்குச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? மறைத்துவிட்டால் என்ன செய்வது?
– கல்லூரி மாணவி, தேவகோட்டை

நல்ல கேள்வி அம்மா. என் வேலைக்காலம் முழுக்க என்னோடு இருந்த கேள்வியும் இதுதான்.

1986 ஏப்ரல் 26, சனிக்கிழமை அதிகாலையில் அன்றைய சோவியத் நாட்டின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் நான்காவது உலை வெடித்தது. அது உலகத்துக்குத் தெரிந்தது திங்கட்கிழமை. அதுவும் மாஸ்கோ தானாக முன்வந்து சொல்லவில்லை. ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர் தள்ளி, ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு ஊழியரின் காலணியில் கதிரியக்கம் இருப்பதாக மீட்டர் கத்தியது. முதலில் தங்கள் நிலையத்தில்தான் கசிவு என்று பதறினார்கள். பிறகு காற்று வந்த திசையைப் பார்த்து, கிழக்கே எங்கோ விபரீதம் நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டார்கள். அன்று இரவுதான் மாஸ்கோ நாலு வரி அறிவித்தது.

சொல்லாமல் விட்ட அந்த நாட்களின் விலை என்ன தெரியுமா? உலையிலிருந்து வந்த அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருள் புல்லில் படிந்தது. பசு அதை மேய்ந்தது. பாலைக் குழந்தைகள் குடித்தார்கள். அது அவர்கள் தைராய்டு சுரப்பியில் போய்ச் சேர்ந்தது. அயோடின் 8 நாளில் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே, கொஞ்ச நாள் அந்தப் பாலை நிறுத்தியிருந்தாலே பின்னால் வந்த தைராய்டு புற்றுநோய்களில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறாது.

சரியாக ஐந்து மாதம் கழித்து, 1986 செப்டம்பர் 26 அன்று வியன்னாவில் நாடுகள் இரண்டு உடன்படிக்கைகளை ஏற்றன. ஒன்று, எல்லை தாண்டிப் பாதிக்கக்கூடிய விபத்து நடந்தால் எங்கே, எப்போது, என்ன நடந்தது என்று உடனே அறிவிப்பது. மற்றொன்று, உதவி கேட்பதும் கொடுப்பதும். இரண்டிலும் இந்தியா சேர்ந்திருக்கிறது. பன்னாட்டு அணுசக்தி முகமையின் வியன்னா மையம் இதற்காக இரவு பகலாக விழித்திருக்கிறது.

மறைத்தால் சிறையில் போட ஆள் கிடையாது. 2017 இலையுதிர் காலத்தில் ஐரோப்பா முழுக்கக் காற்றில் ருத்தேனியம்-106 என்ற, அணு உலையில் உண்டாகும் கதிரியக்கப் பொருள் தெரிந்தது. அளவு குறைவு, யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் எந்த நாடும் அது தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளவில்லை. காற்று காட்டிக்கொடுத்துவிட்டது, மனிதர்கள் வாய் திறக்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், சிறிய அளவில் நானே பார்த்திருக்கிறேன். 1980களில் நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு வைக்கும், கதிர்வீசும் சீசியம் குழாய்களை மாலையில் எண்ணினோம். ஒன்று குறைந்தது. 'காலையில் பார்த்துக்கொள்ளலாம், இப்போது சொன்னால் பெயர் கெடும்' என்றார் மேலே இருந்தவர். நான் கேட்கவில்லை. மேலிடத்துக்குத் தெரியப்படுத்தி, குப்பை வண்டியையும் சலவைக்குப் போகும் துணியையும் வாசலிலேயே நிறுத்தினோம். மீட்டரோடு தேடியதில், இரவு 9 மணிக்கு அழுக்குப் பஞ்சுத் தொட்டியில் கிடைத்தது. காலை வரை விட்டிருந்தால் அது ஊர்க் குப்பை மேட்டுக்குப் போயிருக்கும்.

பழைய இரும்புக் கடை நடத்துகிறேன். மருத்துவமனை, ஆலைச் சாமான்களும் எடைக்கு வரும். எதைப் பார்த்தால் ஒதுங்க வேண்டும்?
– வாசகர், புதுவயல்

அளவுக்கு மீறிக் கனக்கிற சின்ன ஈயக் குடுவை அல்லது உருளை. மஞ்சளில் மூன்று இதழ்ச் சின்னம். 2007-இல் புதிதாக வந்த சிவப்பு முக்கோணம், உள்ளே மண்டையோடும் ஓடுகிற மனிதனும். இவற்றில் எது கண்ணில் பட்டாலும் வெட்டாதீர்கள், உடைக்காதீர்கள். ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு போலீசைக் கூப்பிடுங்கள்.

2010-இல் டெல்லி மாயாபுரியில் ஏலத்தில் போன ஓர் ஆய்வகக் கருவியைப் பிரித்ததில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் வெளிவந்தது. ஒரு தொழிலாளி இறந்தார். அதற்கு முன், 1987-இல், பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட மருத்துவமனையிலிருந்து எடுத்த கருவியைக் காயலான் கடையில் உடைத்தார்கள். நீலமாக ஒளிர்ந்த சீசியம் தூளை உறவினர்கள் ஆசையாய்ப் பங்கிட்டுக்கொண்டார்கள். வீட்டில் ஒவ்வொருவராய் நோயில் விழுவதைப் பார்த்து, 'இந்தச் சாமான்தான் காரணம்' என்று முதலில் சந்தேகப்பட்டது கடைக்காரரின் மனைவி. அதைப் பையில் போட்டு, பஸ் ஏறி, சுகாதார அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தார். பிழைக்காத நான்கு பேரில் அவரும் ஒருவர். ஆனால் அவர் போயிருக்காவிட்டால் இன்னும் எத்தனை பேரோ! பல நாட்டு நிபுணர்கள் வந்து உதவினார்கள். 1,12,000 பேரைப் பரிசோதித்தார்கள்.

உங்கள் கடைச் சரக்கு எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. 2008-இல் பிரான்சில் லிஃப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 இருந்தது. அந்த எஃகு இந்தியாவிலிருந்து போனது.

நம் அணுமின் நிலையங்களை வெளிநாட்டார் வந்து பார்க்கிறார்களா?
– ஆசிரியை, திருப்பத்தூர்

பார்க்கிறார்கள், நாம் அழைத்தால். 2012-இல் பன்னாட்டுக் குழு ஒன்று ராஜஸ்தான் நிலையத்தைப் பார்த்தது. 2015-இல் வேறொரு குழு நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தையே ஆராய்ந்து, வாரியத்தின் சுதந்திரத்தைச் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்று பரிந்துரைத்தது. சரியான பரிந்துரை. அணுசக்திப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாடும் அறிக்கை தர வேண்டும். மற்ற நாடுகள் கேள்வி கேட்கும். இந்தியா 2005-இல் இதில் இணைந்தது. அந்த அறிக்கைகள் கல்பாக்கத்துக்கும் கூடங்குளத்துக்கும் பக்கத்தில் இருப்பவர்கள் படிக்கும்படி தமிழிலும் வர வேண்டும். கேட்டுக்கொண்டே இருப்பேன்.

வளவில் மழைத்தண்ணீர் விழாமல் முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடப் போகிறோம். கதிர்வீச்சு கூடுமா?
– குடும்பத் தலைவி, பள்ளத்தூர்

மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் ரேடான் என்ற வாயு இயல்பாகவே வருகிறது. உலகில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாகக் கிடைக்கும் 2.4 மில்லிசீவர்ட் இயற்கைக் கதிர்வீச்சில் ஏறக்குறைய பாதி இதனால்தான். காற்றோட்டம் இருந்தால் தங்காது. மூடுங்கள், ஆனால் கண்ணாடிக்கும் ஓட்டுக்கும் நடுவே நாலாபுறமும் ஒரு முழம் இடைவெளி விடச் சொல்லுங்கள் கொத்தனாரிடம்.