வேலை முடிந்து கடலோரத்தில் கோல்ஃப் ஆடிவிட்டு, வீட்டுக்கு வந்து இரவுச் சமையலையும் செய்வது நடக்கிற காரியமா?

நடக்கும். ஆனால் கேள்வியின் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் இரண்டு வரிகளைப் படித்த பிறகுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரைக்கு வேலைக்குப் போகிறீர்கள், கோல்ஃப் கற்றுக்கொள்ள ஆசை, வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, "அரிசிம்பருப்பாவது ஆக்கிக்கொள்ள நேரம் இருக்குமா" என்று கேட்டிருக்கிறீர்கள். அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகவைக்கும் எங்கள் கொங்கு நாட்டுச் சாதத்தை அரிசிம்பருப்பு என்று எழுதியதிலேயே ஊர் தெரிந்துவிட்டது. ஈரோட்டுக்கும் உடுமலைக்கும் நடுவே எங்கோ ஓரிடம் என்று வைத்துக்கொள்கிறேன். மனைவியும் வேலைக்குப் போகிறவராக இருப்பார் என்றும் ஊகிக்கிறேன்; இல்லையென்றால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

நான் தாராபுரத்துக்காரன். 2014 முதல் நான்கு ஆண்டுகள் அதே கடற்கரையிலுள்ள டண்டீ நகரில் வேலை பார்த்தேன். மனைவி அங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியர். பகல் பணி இரவு எட்டு மணிக்கு முடிந்து எட்டரைக்கு அவள் வீட்டுக்கு வரும் நாள்களில் சமையல் என் பொறுப்பு. எனக்கு ஐந்து மணிக்கே வேலை முடிந்துவிடும். இடையிலிருந்த அந்த மூன்றரை மணி நேரத்தில்தான் கோல்ஃப் என் வாழ்க்கைக்குள் நுழைந்தது.

"கோல்ஃப் பணக்காரர் ஆட்டமாயிற்றே, எங்களிடம் பீற்றிக்கொள்கிறாயா" என்று கேட்பவர்கள் வருவார்கள் என்று தெரியும். அவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டே ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அரை மணி நேரம் போனால் செயின்ட் ஆண்ட்ரூஸ் வரும். ஒரு சுற்றில் பந்தைத் தட்டிப் போட வேண்டிய குழிகள் 22 ஆக இருந்ததை 1764இல் 18 ஆக்கி, பின்னாளில் உலகம் முழுவதும் அந்தக் கணக்கையே பிடித்துக்கொள்ளும்படி செய்த ஊர் அது. அங்குள்ள திடல்கள் எந்தத் தனியார் சங்கத்துக்கும் சொந்தமல்ல. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓர் அறக்கட்டளை நிர்வகிக்கும் பொது நிலம். புகழ்பெற்ற பழைய திடலில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் ஆட்டமே கிடையாது. ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அதன் நடுவே நடந்துகொண்டிருப்பார்கள். சிறுவர்களும் கற்றுக்குட்டிகளும் ஆடுவதற்கென்றே பால்கோவ் என்று 9 குழிகள் கொண்ட திடல் ஒன்று இருக்கிறது. நான் ஆடியது அங்கேதான். நாற்பது வயதில், எட்டு வயதுக் குழந்தைகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று ஆடியதில் பீற்றிக்கொள்ள என்ன இருக்கிறது?

முதல் நாள் அந்த நிலத்தைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம். கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட மணல் பூமியை அங்கே லிங்க்ஸ் என்கிறார்கள். ஏர் பூட்டினால் விளையாது, உப்புக் காற்று வேறு, ஆடு மேய்க்கத்தான் ஆகும். காங்கயத்துப் பக்கம் மழையை நம்பி உழ முடியாத நிலத்தை நாம் கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லுக்கு விட்டுவிடுவதைப் போலத்தான். அவர்கள் ஆடு மேய்ந்த இடத்தில் பந்தைத் தட்டி விளையாடினார்கள். நாம் ஆட்டை மட்டும் மேய்த்தோம். காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்துப் படுத்துப் பள்ளமான இடங்கள்தாம் பிறகு மணற்குழிகள் (பந்து சிக்கிக்கொள்ளும் தடைப் பள்ளங்கள்) ஆயின என்று அங்கே சொல்வார்கள். திடலோரங்களில் கோர்ஸ் என்ற முட்புதர் மண்டிக் கிடக்கும். அதன் மஞ்சள் பூவை மூக்கருகே கொண்டுபோனால் அசல் தேங்காய் மணம். நம்பாதவர்கள் மே மாதத்தில் போய் முகர்ந்து பார்க்கலாம்.

காற்றைப் பற்றி உங்களை நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அது புதிதல்ல. கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி; அதாவது ஏறக்குறைய ஓர் எலுமிச்சம்பழத்தின் எடைதான். அதை உயரத் தூக்கி அடித்தால் காற்று கொண்டுபோய்விடும். மட்டையின் பிடியை இரண்டு அங்குலம் கீழே பிடித்து, பந்தை வலது காலுக்குச் சற்று அருகில் வைத்து, பாதி வீச்சில் தட்டினால் தாழ்வாகப் போய் விழுந்து, அந்த இறுகிய தரையில் நெடுந்தூரம் உருளும். (இடக்கையர்கள் மாற்றிக்கொள்ளவும்.)

நீங்கள் பயப்பட வேண்டியது காற்றுக்கு அல்ல, வெளிச்சத்துக்கு. நம் ஊரில் ஏழு மணிக்குள் பொழுது விழுந்துவிடும், உடம்புக்கு அந்தக் கணக்குப் பழகிப்போயிருக்கிறது. அங்கே ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு பத்து ஆகிவிடும். 2016 ஜூனில் ஒரு நாள், அலுவலகத்திலிருந்து நேராக வீட்டுக்கு வந்து, மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு சேர்த்துக் கழுவி, "ஒன்பது குழி ஆடிவிட்டு ஏழரைக்குத் திரும்பிவிடலாம்" என்று ஊறவைத்துவிட்டுக் கிளம்பினேன். ஒன்பதும் ஆடி முடித்தபோது நம் ஊரில் மாலை நான்கு மணிக்கு அடிக்கும் வெயில் போல இருந்தது. கைக்கடிகாரம் மட்டைப் பைக்குள். இன்னொரு சுற்று தொடங்கினேன். பாதியில் பந்து கோர்ஸ் புதருக்குள் போய்விட்டது. தொலைந்த பந்தைத் தேட அன்றைய விதிப்படி ஐந்து நிமிடம். 2019 முதல் மூன்று நிமிடம்தான். ஒரு பவுண்டு கொடுத்து வாங்கிய பழைய பந்துக்காக நான் முட்களுக்குள் கைவிட்டு அரை மணி நேரம் தேடினேன். கொங்கு இரத்தம் என்று சிரித்துக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஒன்பதே முக்கால். சன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் சீருடையைக்கூட மாற்றாமல் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "ஏனுங்க, இந்த ஊர்ல பொழுது உழுந்தாத்தான் ஊட்டுக்கு வருவீங்களா?" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

பதற்றத்தில் நான் செய்தது இன்னொரு தவறு. கடலை எண்ணெய் தேவைக்கு மேல் காய்ந்துவிட்டது. கடுகோடு வரமிளகாயையும் சேர்த்துப் போட்ட நொடியில் புகை கிளம்பி, கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கியது. அவள் துண்டை எடுத்து அதன் கீழே வீசிக்கொண்டு நிற்க, நான் வெங்காயம், பூண்டு, தக்காளி, மஞ்சள்தூள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டி வதக்கினேன். நாலரை மணி நேரம் ஊறிய அரிசி விரலால் நசுக்கினால் மாவாகிவிடும் நிலையில் இருந்தது. வழக்கமான அளவுக்கே தண்ணீர் ஊற்றினேன். குக்கரைத் திறந்தபோது அது சாதமாக இல்லை, மஞ்சள் நிறக் களியாக இருந்தது. நெய்யை ஊற்றி, எலுமிச்சை ஊறுகாயோடு இருவரும் பேசாமல் சாப்பிட்டோம். ருசி மோசமில்லை என்பது என் கருத்து. அவளிடம் கேட்கத் துணிவில்லை.

இந்தக் கதை எப்படியோ ஊருக்கு எட்டி, பங்காளி வீட்டுக் கல்யாணப் பந்தியில் உறவினர் ஒருவர், "ஏம்ப்பா, சீமைக்குப் போயி குச்சியில புல்லச் சொரண்டிப்போட்டு, வந்து பொண்டாட்டிக்குச் சோறு ஆக்கறயாமா?" என்று நாலு பேர் முன்னிலையில் கேட்டார். கேட்டவர் தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தாமாக எடுத்துக் குடித்து நான் பார்த்ததில்லை. ஆமாங்க என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். உங்களையும் கேட்பார்கள்.

ஆகவே வாரநாளில் ஒன்பது குழிக்கு மேல் ஆடாதீர்கள். பதினெட்டுக்கு நான்கு மணி நேரம் பிடிக்கும், அதை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரிசியையும் பருப்பையும் கழுவாமல் உலர்வாகவே அளந்து வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து ஊறவைத்தால், நீங்கள் குளித்து வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் தேவையான இருபது நிமிடம் ஆகிவிடும். கறிவேப்பிலை கிடைக்கும்போது வாங்கி உறைபெட்டியில் போட்டு வையுங்கள். தாளிக்கும்முன் சன்னலைத் திறந்துவிடுங்கள்.

நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையை என்னிடம் விட்டுவைக்க அவள் அதன்பிறகு தயாராக இல்லை. அடுத்த வாரமே தக்காளி வடிவத்தில் திருகி வைக்கும் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வாங்கி, மட்டைப் பையின் பக்க அறையில் போட்டுவிட்டாள். பெரும்பாலும் நான் ஏழாவது குழியில் குனிந்து பந்தைக் குறிபார்க்கும் நேரத்தில் அது மணியடிக்கும். சுற்றியிருக்கும் குழந்தைகள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள்.