மடிக்கணினியா, பயிற்சி மையமா?

கேள்வி: நாங்கள் ஆறு நண்பர்கள். விளவங்கோடு வட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது எல்லை தாண்டி, திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் உள்ள டெக்னோபார்க் ஐ.டி. பூங்காவில் வேலை பார்க்கிறோம். எங்கள் ஊருக்கு அருகில் உள்ள கல்லூரியில் பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் படிப்பவர்களில் பெரும்பாலோர் ரப்பர் பால் வெட்டுபவர்களின் பிள்ளைகள், முந்திரி ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகள். ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய் போட்டு அவர்களில் சிலரையாவது ஐ.டி. வேலைக்குக் கொண்டுவர விரும்புகிறோம். மடிக்கணினி வாங்கிக் கொடுக்கலாமா? அல்லது 'வேலை உறுதி' என்று விளம்பரம் செய்யும் திருவனந்தபுரத்துப் பயிற்சி மையம் ஒன்றில் சேர்த்துவிடலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: உங்கள் ஆறு பேருக்கும் வணக்கம். நீங்கள் கேட்ட இரண்டில் எதையும் முதலில் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. மாதம் 12,000 ரூபாய் நல்ல தொகை. ஆனால் அது எந்த மாதத்தில், எந்தச் செலவுக்குப் போய்ச் சேருகிறது என்பதில்தான் ஒரு பிள்ளை படிப்பை முடிப்பதும் பாதியில் நிற்பதும் இருக்கிறது.

பால் வெட்டும் வீட்டின் வரவு செலவு உங்களுக்குத் தெரியாததல்ல. இலையுதிர்ந்து தளிர்க்கும் மாசி, பங்குனியில் மரத்துக்கு ஓய்வு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால், மழைக்காப்புப் பிளாஸ்டிக் கட்டாத தோட்டங்களில் வெட்டு நின்றுவிடும். ஐப்பசி மழையிலும் அப்படியே. கல்லூரிக் கட்டணம் கேட்பதும் அதே ஜூனில்தான். நவம்பர் பருவத் தேர்வுக்குப் பணம் கட்டச் சொல்வதும் ஐப்பசியை ஒட்டித்தான். கூலி வராத வாரமும் கட்டணம் கட்டும் வாரமும் சேர்ந்து வந்தால், தேர்வுக் கட்டணம் கட்ட வழியில்லாமலோ, படிக்க வேண்டிய நேரத்தில் கூலி வேலைக்குப் போனதாலோ ஒரு தாள் நின்றுபோகும். அடுத்த பருவத்தில் அது இரண்டாகும். பல நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், அரியர் (தேறாமல் நிற்கும் தாள்) இருக்கக் கூடாது என்று கேட்பதை நீங்களே அறிவீர்கள். பைதான் நிரல்மொழி நன்றாகத் தெரிந்த பிள்ளை, துணைப்பாடக் கணிதத்தில் ஓர் அரியர் இருந்ததால் நேர்காணலுக்கே அழைக்கப்படாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு! ஆகவே உங்கள் முதல் செலவு தேர்வுக் கட்டணமாகவும், முதல் பயிற்சி அந்தக் கணிதத் தாளாகவும் இருக்கட்டும்.

இப்படிச் சொல்வதற்கு எனக்குத் துணை நிற்கும் ஒரு சான்று அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் பெருமளவில் சேரும் இரண்டாண்டுச் சமூகக் கல்லூரிகளில் படிப்பை முடிக்காமல் நிற்பவர்கள் மிகுதி. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தன் சமூகக் கல்லூரிகளில் 'ஏசாப்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் கல்விக் கட்டணத்தில் விழும் துண்டை நிரப்பினார்கள், பாடநூலுக்கு உதவினார்கள், பேருந்துக்கும் சுரங்க ரயிலுக்கும் பயண அட்டை கொடுத்தார்கள், அடிக்கடி சந்தித்துப் பேசும் ஆலோசகர் ஒருவரையும் ஒவ்வொருவருக்கும் அமர்த்தினார்கள். குலுக்கல் முறையில் மாணவர்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்தபோது, மூன்றாண்டில் படிப்பை முடித்தவர்கள் திட்டத்துக்குள் 40 விழுக்காடு, வெளியே 22 விழுக்காடு. ஒஹையோ மாநிலக் கல்லூரிகளில் இதே முறையைப் பின்பற்றியபோதும் ஏறத்தாழ இதே பலன் கிடைத்தது. கட்டண உதவியும், பயணச் செலவும், தவறாமல் விசாரிக்கும் ஒரு மனிதரும் சேர்ந்து செய்த வேலை இது.

மடிக்கணினியைப் பொறுத்தவரை, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் கணினி வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. உங்கள் மாணவர்களில் யாருக்கு அது கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்த்துவிட்டு, கிடைக்காதவர்களுக்கு உங்கள் அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய கணினிகளைக் கேட்டு வாங்கி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுங்கள். கற்பதற்கு அது தாராளமாகப் போதும்.

வேலை உறுதி என்று சொல்லிப் பெருந்தொகை வாங்கும் மையத்துக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். யாருக்கு, எந்த நிறுவனத்தில், என்ன சம்பளத்தில் வேலை என்பதை எழுத்தில் தராத உறுதியை நம்பி ஏழை வீட்டுப் பிள்ளையின் ஓராண்டைப் பணயம் வைக்கக் கூடாது. பாடம் இலவசமாகவே கிடைக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் காணொளிப் பாடங்களில் பல தமிழிலும் மலையாளத்திலும் உண்டு. ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகளுக்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே பணம். அந்தப் பணத்தை நீங்கள் கட்டுங்கள்.

எல்லைப்புறத்துக்கே உரிய சில சிக்கல்களையும் கவனியுங்கள். தமிழ்நாடு அரசு மாணவிகளுக்காக 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண், மாணவர்களுக்காக 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் ஆகிய திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெற, ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலோ, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். இடையில் கேரளத்தின் பாறசாலைப் பக்கம் சில வகுப்புகள் படித்த பிள்ளை இந்த வரம்புக்குள் வருவதில்லை. உங்கள் உதவியில் அத்தகைய பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். தமிழ்நாட்டில் பெண்களுக்கான இலவசப் பேருந்துப் பயணமும் எல்லையில் உள்ள களியக்காவிளையோடு முடிந்துவிடுகிறது. டெக்னோபார்க்கில் இன்டர்ன்ஷிப் கிடைத்தாலும் போய்வரக் காசில்லை என்று மறுத்துவிடும் பெண்களுக்கு, குழித்துறையிலிருந்து கழக்கூட்டத்துக்கு ஒரு ரயில் சீசன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் போதும்.

பணத்தைவிட நீங்கள் நேரில் கொடுக்கக்கூடியது அதிகம். ஆளுக்கு இரண்டு மாணவர்களை எடுத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். நிரலை இயக்கியவுடன் திரையில் சிவப்பு எழுத்துகள் வந்தால் பெரும்பாலான பிள்ளைகள் பதறி அந்தச் சாளரத்தை மூடிவிடுவார்கள். மூட விடாதீர்கள். கடைசி வரியை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். 'நேம் எரர்' (பெயர்ப் பிழை) என்று வாசித்து, மேலே 'டோட்டல்' என்று எழுதியதைக் கீழே ஓர் எழுத்து விட்டு எழுதியிருப்பதைத் தானே கண்டுபிடிக்கும் வரை நீங்கள் விசைப்பலகையைத் தொடக் கூடாது. நேர்காணலில் தடுமாறாமல் பேசும் துணிவு இந்தப் பழக்கத்திலிருந்து வரும். மென்பொருள் சோதனை, வாடிக்கையாளர் தொழில்நுட்ப உதவி போன்ற பணிகளில் காலியிடம் வரும்போது, பரிந்துரை செய்யும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசும் பிள்ளைகள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

இந்த வாரமே கல்லூரித் துறைத் தலைவரைச் சந்தித்து, இரண்டாம் ஆண்டு மாணவர்களில் உதவி தேவைப்படுபவர்கள் யார் என்று கேளுங்கள். அந்தப் பிள்ளைகளிடமே பேசி, யாருக்கு எந்தத் தாளில் அரியர் என்று குறித்துக்கொண்டு, தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் மாதப் பணத்தை அந்த நாளுக்கு முன்பே கல்லூரியில் நேரடியாகக் கட்டிவிடுங்கள்.