மெஸ்ஸர்ஷ்மிட் 109: எந்தத் தொழிற்சாலையில் செய்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்றில் பார்த்த மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர் விமானத்தை ஸ்கேல் மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன். அங்கிருந்த பலகையில் 'ஜெர்மனி, 1944' என்று மட்டுமே இருந்தது. வாலில் ஆறு இலக்க எண் ஒன்று உள்ளது. அதை வைத்துத் தொழிற்சாலையைச் சொல்ல முடியுமா?

பதில்: முடியும், அந்த எண் அசலாக இருந்தால். வாலில் இருப்பது வெறும் பெயின்ட். போரைத் தாண்டி நிற்கும் விமானங்கள் பலவும் சுரண்டி மறுபடி வண்ணம் பூசப்பட்டவை. யாரோ ஒரு புகழ்பெற்ற விமானியின் விமானத்துச் சின்னத்தையும் எண்ணையும் எழுதி வைத்திருப்பதும் உண்டு. கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திடம் உள்ள 163824 போல, போர்க்கால வண்ணம் கலையாமல் வந்து சேர்ந்தவை மிக அபூர்வம்.

எண் அசல்தான் என்றால் பாதி வேலை முடிந்தது. ஜெர்மன் விமான அமைச்சகம் எண்களைத் தொகுதி தொகுதியாக ஆலைகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. மொத்த உற்பத்தியை எதிரி கணக்கிட்டுவிடாமல் இருக்க, தொகுதிகளுக்கு நடுவே பெரிய இடைவெளி விட்டது. 109-ஐ முக்கியமாகச் செய்தவை மூன்று: ரேகன்ஸ்பூர்கில் மெஸ்ஸர்ஷ்மிட், லைப்சிக்கில் எர்லா, ஆஸ்திரியாவின் வீனர் நொய்ஷ்டாட் ஆலை. கான்பெராவின் 163824, வாஷிங்டன் ஸ்மித்சோனியனின் 160756 இரண்டும் ரேகன்ஸ்பூர்க். லிபியாவில் 1942 நவம்பரில் கைப்பற்றப்பட்டு, இப்போது பிரிட்டனின் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கும், 'பிளாக் 6' என்று அழைக்கப்படும் 109 ஐந்து இலக்க எண் கொண்டது: 10639. அது எர்லா.

அடுத்து, உடற்பகுதியில் ரிவெட் அடித்த தகட்டைத் தேடுங்கள். விமான வகை, எண் இவற்றோடு, செய்த நிறுவனத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சங்கேதமும் அதில் இருக்கலாம். பெயின்ட்டைவிடத் தகட்டை நான் அதிகம் நம்புவேன். ஆனால் கழற்றி விற்ற தகடுகளும் நகல்களும் புழங்குகின்றன. அதனால் ரிவெட்டுகள் புதிதா பழையதா என்று பார்ப்பது நல்லது. அசல் தகடே இரண்டு கதை சொல்வதும் உண்டு. ஸ்மித்சோனியனில் உள்ள இன்னொரு ஜெர்மன் போர் விமானமான ஃபோக்க-வுல்ஃப் 190-இன் (எஃப்-8 வகை) எண் 931884. ஆனால் அது முதலில் 640069 என்ற எண்ணோடு ஏ-7 வகையாகப் பிறந்தது. 1944-இல் மறுபடி கட்டப்பட்டபோது புது எண் வந்தது. எது அதன் தொழிற்சாலை? இரண்டையும் சொல்வதுதான் நேர்மை.

109-இலும் இந்தச் சிக்கல் உண்டு. 1943 ஆகஸ்ட் 17 அன்று ரேகன்ஸ்பூர்க் ஆலை மீது அமெரிக்கர்கள் குண்டு வீசிய பிறகு வேலை பல இடங்களுக்குச் சிதறியது. ஃப்ளோசன்பூர்க், குசன் வதைமுகாம்களின் கைதிகளை வைத்துப் பாகங்கள் செய்தார்கள். எர்லாவுக்கும் லைப்சிக்-தெக்லாவில் ஒரு முகாம் இருந்தது. 1945 ஏப்ரல் 18 அன்று அங்கே எஞ்சியிருந்த கைதிகளில் பலரைக் கொன்றார்கள். 'ரேகன்ஸ்பூர்க்' என்பது பெரும்பாலும் பாகங்களைப் பூட்டி முடித்த இடத்தின் பெயர்தான். உங்கள் மாடலோடு குறிப்பு அட்டை வைப்பதானால் அந்தக் கைதிகளையும் ஒரு வரியில் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, வெளித்தோற்றத்தில் ஏதாவது தெரியுமா? கடைசிக்கால ஜி-10 வகையில் தெரியும். எர்லா செய்தவற்றில் இன்ஜின் மூடி அகலமாக, உடலோடு வழுக்கிச் சேரும். மற்ற ஆலைகளின் மூடியில் சிறு புடைப்புகள் தனியாகத் தெரியும். ஆனால் 'எர்லா ஹவுபே' என்று எல்லோரும் சொல்லும், சட்டங்கள் குறைந்த காக்பிட் கண்ணாடி மூடியை வைத்து முடிவு கட்டாதீர்கள். எல்லா ஆலைகளின் விமானங்களிலும் அது பொருத்தப்பட்டது. இன்ஜின் தகடும் உதவாது. இன்ஜினைப் படைத்தளங்களிலேயே மாற்றினார்கள்.

இதற்கெல்லாம் முன்பு ஒன்றை உறுதி செய்யுங்கள். இன்று 109 என்று காட்டப்படும் சில விமானங்கள் போருக்குப் பின் ஸ்பெயினின் செவில்லேயில் ஹிஸ்பானோ நிறுவனம் செய்தவை. அவற்றில் முதலில் இருந்தது பிரிட்டிஷ் மெர்லின் இன்ஜின். பிறகு ஜெர்மன் இன்ஜினும் மூக்கும் மாற்றிவிட்டால் வெளியிலிருந்து பிரித்தறிவது கடினம். அருங்காட்சியகத்துக்கு எழுதும்போது, "உடற்பகுதி, இறக்கை, வால் ஒவ்வொன்றிலும் உள்ளே என்ன எண் இருக்கிறது?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். முடிந்தால் தகடுகளின் படங்களையும் கேட்டு வாங்குங்கள்.