திவாலானவரின் வீட்டுக் கடன் தவணை என்ன ஆகும்?

மலேசியாவில், செந்தூலில் இருக்கும் உங்கள் அண்ணன் திவாலாகி, திவால் இலாகாவுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறார். வீட்டுக் கடனும் அதிலேயே அடங்கிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடங்காது. இது தெரியாமல்தான் பல குடும்பங்கள் வீட்டை இழக்கின்றன.

அந்தப் பணம் கிரெடிட் கார்டு, தனிநபர் கடன் போன்ற அடமானம் இல்லாத கடன்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுவது. வீட்டை அடமானம் பிடித்திருக்கும் பேங்க் வேறு வரிசையில் நிற்கிறது. 1967ஆம் ஆண்டுத் திவால் சட்டம் அதன் கையைக் கட்டுவதில்லை. தவணை நின்றால் பேங்க் வீட்டை லெலோங் (ஏலம்) விடலாம். விற்ற பணம் போதாவிட்டால், மீதிக் கடன் மற்ற கடன்களோடு சேர்ந்துகொள்ளும்.

சரி, தவணை ஒழுங்காகப் போனால்? பெரும்பாலும் பேங்க் அவசரப்படாது. ஆனால் அண்ணனின் சொத்து இப்போது இலாகாவின் தலைமை இயக்குநர் பொறுப்பில் இருப்பதால், அண்ணன் தானாக வீட்டை விற்கவோ மறுகடன் எடுக்கவோ முடியாது. அண்ணியின் பெயரும் கிராண்டில் (வீட்டு உரிமைப் பத்திரத்தில்) இருக்கிறதா? நானாக இருந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பேன். இருந்தால், அண்ணனின் பங்கை அவர் வாங்கிக்கொள்ள முடியுமா என்று இலாகாவிடம் கேட்கலாம். அப்புறம், தவணையை நீங்கள் கட்டுவதானால் இலாகா அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.