பழைய பங்களாவை அடுக்கு வீடுகளாக்க: கேள்வி பதில்

(சென்னையின் பழைய தோட்ட பங்களாக்களை இடிக்காமல், உள்ளே நான்கைந்து உயர்தர வீடுகளாகப் பிரிப்பது பற்றி)

கேள்வி: மெட்ராஸ் டெரஸ் (தேக்கு விட்டங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்த்துக் கட்டிய பழைய மாடித் தளம்) ஒழுகுகிறது. எடுத்துவிட்டு கான்கிரீட் தளம் போடலாமா?

பதில்: வேண்டாம். ஒழுகல் பெரும்பாலும் தண்ணீர் வடியும் வாயிலோ கைப்பிடிச் சுவர் சேரும் மூலையிலோதான் தொடங்கும். அங்கே மேலே பதித்த தட்டோட்டை (தட்டையான ஓடு) பெயர்த்துத் தட்டிப் பாருங்கள். பொதபொதவென்று இருக்கும் செங்கல் ஜல்லிக் காரையை மட்டும் எடுங்கள். புதுக் காரை மூன்று அங்குலக் கனம். கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீர் தெளித்து, அடிக்கும் மரக்கட்டை துள்ளித் திரும்பும்வரை அடிக்க வேண்டும். மேலே தட்டோடு இரண்டு வரிசை, இணைப்பின்மேல் இணைப்பு வராமல். வாட்டம் முப்பது அடிக்கு ஓரடி.

கேள்வி: குளியலறைகள்?

பதில்: மேல்தளத்தைப் பள்ளமாக்கி ஜல்லி நிரப்பாதீர்கள். சுவரில் மாட்டும் கழிப்பறைக் கோப்பை போதும். எல்லா மாடியிலும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். அந்தப் பகுதியை மட்டும் தனி இரும்புச் சட்டகத்தில் தாங்குங்கள். குழாய் கசிந்தால் சுவரில் புதைந்த தேக்கு விட்டத்தின் முனைதான் முதலில் உளுக்கும்.

கேள்வி: பழைய மாடித் தளத்தைவிட கான்கிரீட்தான் கனம் குறைவு என்கிறார் எங்கள் பொறியாளர். நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள்?

பதில்: அவர் சொல்வது சரி. ஐந்தங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்குச் சுமார் 310 கிலோ. பழைய தளம் 400-ஐத் தாண்டும். நான் கனத்தைச் சொல்லவே இல்லை, சுவரைச் சொல்கிறேன். விட்டங்களை உருவினால் பதினைந்தடி உயரச் சுவர் பிடிமானமின்றி நிற்கும். கான்கிரீட் தளம் உட்காரச் சுவரில் நீளவாக்கில் பள்ளம் வெட்டும்போது சுண்ணாம்புக் கட்டு அதிர்ந்து கலகலக்கும். பிறகு வெயிலில் தளம் விரிந்து சுவரின் தலையைத் தள்ளும்; தளத்துக்குக் கீழே கிடைமட்டமாக விரிசல் ஓடும். விட்டங்கள் முழுக்க உளுத்திருந்தால்கூட, ஒவ்வொன்றாக முட்டுக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: விட்ட முனை மட்டும் உளுத்திருந்தால்?

பதில்: உளுத்ததை வெட்டி, இருபக்கமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போடுங்கள். முனையைச் சுற்றி ஓரங்குலம் காற்று போக இடம் விடுங்கள்.

கேள்வி: வெளிப்பூச்சுக்கு சிமெண்ட்?

பதில்: கூடாது. சுவர் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே உப்புப் பூக்கும். பூச்சு செங்கல்லோடு பெயரும்.

கேள்வி: சிமெண்ட் கொஞ்சம் கலந்தால்?

பதில்: மேலே சொன்னதுதான். கொஞ்சமும் வேண்டாம்.

கேள்வி: சதுர அடிக்கு என்ன ஆகும்?

பதில்: மரத்தின் நிலையைப் பார்க்காமல் யார் விலை சொன்னாலும் நம்பாதீர்கள்.

கேள்வி: அனுமதி?

பதில்: 2010-இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்போடு வந்த 467 பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் உங்கள் வீடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், சிஎம்டிஏ-வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவிடம் போகாமல் ஒரு ஜன்னலைக்கூடக் கழற்றாதீர்கள்.