சிக்னலில் நின்றால் கால் வேகிறது

பட்டறையிலிருந்து பதில்கள்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பைக் சூட்டைப் பற்றியவைதான். புதுப்பேட்டையில் 34 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். மே மாதம் வந்தால் வண்டியைக் காட்டுவதற்கு முன்னால் பேன்ட்டைத் தூக்கிக் காலைக் காட்டுகிறவர்கள்தான் அதிகம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டு, இந்தக் கடிதங்களுக்கு மட்டும் நிதானமாகப் பதில் எழுதுகிறேன்.

*வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூருக்குத் தினமும் வேலைக்குப் போகிறேன். நான்கு மாதம் முன்பு ரேடியேட்டர் வைத்த பைக் வாங்கினேன். ஓடும்போது ஒன்றும் தெரிவதில்லை. துரைப்பாக்கம் சிக்னலில் நின்றதும் ஃபேன் ஓட ஆரம்பித்து, வலது முழங்காலுக்குக் கீழே அடுப்பு வாயில் கால் வைத்த மாதிரி அனல் அடிக்கிறது. ஷோரூமில் கேட்டால் “அது அப்படித்தான் சார்” என்கிறார்கள். உண்மைதானா?*
– வாசகர், வேளச்சேரி

தம்பி, அவர்கள் சொன்னது பொய்யில்லை. பாதி சொல்லி அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். மீதியை நான் சொல்கிறேன்.

நீங்கள் போடும் பெட்ரோலில் ஏறக்குறைய கால் பங்கு சக்திதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மற்றதெல்லாம் சூடு. அதில் ஒரு பகுதி சைலன்சர் வழியாகப் போகும். இன்னொரு பகுதி எஞ்சின் ஹெட்டிலும் சிலிண்டர் சுவரிலும் இறங்கும். உங்கள் வண்டியில் அந்தச் சூட்டைக் கூலன்ட் என்கிற குளிர்விக்கும் திரவம் வாங்கிக்கொண்டு முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது. வண்டி ஓடினால் எதிர்காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். நின்றால் காற்று ஏது? கூலன்ட் 100 டிகிரியை ஒட்டி வந்ததும் ஃபேன் தானாகச் சுற்றும். ரேடியேட்டருக்குப் பின்னால் எஞ்சின், எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் உங்கள் கால்கள். ஃபேன் தள்ளுகிற காற்று வேறு எங்கே போகும்?

ஆகவே ஃபேன் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று அர்த்தம். கத்திரி வெயிலில் பத்து நிமிடம் நெரிசலில் ஊர்ந்தும் ஃபேன் ஓடவே இல்லை என்றால்தான் வண்டியை ஓரம் கட்டி என்னைப் போன்ற ஒருவரைத் தேட வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பல வண்டிகளில் எஞ்சினுக்கு மிக அருகில், எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாயான பென்ட் பைப்பிலேயே வைத்துவிடுகிறார்கள். அது 250, 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். சீக்கிரம் சூடாக வேண்டும் என்பதற்காகவே அந்த இடம். நம் நுரையீரலுக்கு நல்லது. கணுக்காலுக்குத்தான் கொஞ்சம் கஷ்டம்.

சரி, என்ன செய்யலாம்? போன வருடம் இதே ரூட்டில் போகும் ஒரு பையன் இதே புகாரோடு வந்தான். வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் சாயங்காலம் அவன் பின்னால் உட்கார்ந்து துரைப்பாக்கம் வரை போய்ப் பார்த்தேன். மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே முதல் கியரில், கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஊர்ந்துகொண்டு வந்தான். முன்னால் போகும் வண்டி ஒரு முழம் நகர்ந்தால் இவனும் ஒரு முழம். கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடு ஒன்று உரசும் சூடு முழுவதும் எஞ்சின் ஆயிலில்தான் இறங்கும். ஆக நின்று ஓடும் எஞ்சின் சூட்டோடு அவனே இன்னொரு சூட்டையும் சேர்த்துக்கொண்டிருந்தான். முன்வண்டிக்கும் நமக்கும் நாலைந்து அடி இடைவெளி விட்டு, கிளட்சை முழுதாக விட்டு முதல் கியரில் உருட்டு, நின்றால் நியூட்ரல் போடு என்று சொல்லிக் கொடுத்தேன். சிக்னல் கடிகாரத்தில் முப்பதுக்கு மேல் இருந்தால் எஞ்சினை அணைத்துவிடச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து வந்து, பாதி குறைந்துவிட்டது என்றான்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். இன்னொன்று: நம்மில் பலர் நிற்கும்போது இடது காலை ஊன்றி, வலது காலை பிரேக் பெடலிலேயே வைத்திருப்போம். அனல் வலது பக்கம் அடித்தால், சமதரையில் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வலது காலைச் சற்றுத் தள்ளி ஊன்றுங்கள். அந்த அரை அடி தூரமே பெரிய வித்தியாசம் தரும்.

மாதம் ஒரு முறை, எஞ்சின் ஆறிய பிறகு, கூலன்ட் அளவைப் பாருங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீச்சி அடிக்கும். ஒருபோதும் செய்யாதீர்கள். கூலன்ட் குறைந்திருக்கிறது என்று வீட்டு போர் தண்ணீரை ஊற்றவும் வேண்டாம். நம் ஊர் உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து ரேடியேட்டரை அடைத்துவிடும்.

*என்னுடையது 12 வருடப் பழைய வண்டி, ரேடியேட்டர் கிடையாது. மிக்ஜாம் புயலின்போது வீட்டு வாசலில் தண்ணீரில் நின்றது. ஆயில் மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த இரண்டு மாதமாக வலது கணுக்காலில் மட்டும் சூடு தாங்க முடியவில்லை. ஆக்சிலேட்டரை விட்டால் பட் பட் என்று சத்தமும் வருகிறது.*
– வாசகர், முடிச்சூர்

முதல் கடிதத்தில் இருப்பது வண்டியின் சுபாவம். உங்களுடையது நோய். “இத்தனை வருடம் இல்லாத சூடு இப்போது வந்திருக்கிறது”, “ஒரே இடத்தில் மட்டும் சுடுகிறது” என்று யாராவது சொன்னால், நான் ஸ்பேனரை எடுத்துவிடுவேன்.

சைலன்சர் பென்ட் பைப் எஞ்சின் ஹெட்டில் சேரும் இடத்தில் ஒரு பேக்கிங் வளையம் இருக்கும். அது தேய்ந்தாலோ, போல்ட் தளர்ந்தாலோ, நெருப்புப் புகை அந்த இடுக்கு வழியாகக் கசிந்து கணுக்காலில் அடிக்கும். ஆக்சிலேட்டரை விடும்போது வெளிக்காற்று அதே இடுக்கில் உள்ளே போய், எரியாமல் மிச்சமிருக்கும் பெட்ரோலோடு சேர்ந்து வெடிக்கும். உங்கள் பட் பட் சத்தம் பெரும்பாலும் அதுதான். காலையில் எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது, சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில நொடிகளில் குமிழி வந்தால் கசிவு உறுதி. அந்த இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலும் அதே முடிவுதான். கையை வைத்து மட்டும் பார்க்காதீர்கள். பேக்கிங் விலை குறைவு, மாற்றுவது அரை மணி நேர வேலை.

ஆனால் மிக்ஜாம் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதை நான் விடமாட்டேன். 2023 டிசம்பருக்குப் பிறகு முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்திலிருந்து வந்த வண்டிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது, எஞ்சினின் அலுமினிய இதழ்களுக்கு நடுவே கல் மாதிரி காய்ந்த சேறு. காற்றால் ஆறும் எஞ்சினுக்கு அந்த இதழ்கள்தான் மூச்சு. இடைவெளி அடைந்தால் உள்ளே இருக்கும் சூடு வெளியேற வழியில்லை. ஆறிய எஞ்சினில் மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டு, நைலான் பிரஷ்ஷால் ஒவ்வொரு இடுக்காகத் தேய்த்துக் கழுவுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். சூடான எஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

லெக் கார்டில் மழைக்காகக் கட்டிய பிளெக்ஸ் பேனர் துண்டு இன்னும் இருக்கிறதா? இருந்தால் இன்றே அவிழ்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் காலுக்குச் சேறு படாமல் காப்பாற்றியது, மே மாதத்தில் எஞ்சினுக்குக் காற்று போகாமல் மறிக்கும்.

இதற்குப் பிறகும் சூடு குறையவில்லை என்றால் மெக்கானிக்கிடம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முனை காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. எஞ்சின் தேவைக்கு மேல் சூடாக ஓடுகிறது. மைலேஜுக்காகப் பெட்ரோல் வரத்தைக் குறைத்துக் கார்புரேட்டரை இறுக்கித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் நான் மறுத்துவிடுவதற்குக் காரணமும் இதுதான்.

*அப்பாவுக்கு 63 வயது. சர்க்கரை நோய் இருக்கிறது. செருப்பு போட்டுக்கொண்டு பைக்கில் மயிலாப்பூர் மார்க்கெட் போய்வருவார். போன வாரம் அவருடைய வலது காலில் பெரிய கொப்புளம். எப்போது வந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. பைக் சூட்டில் இப்படி ஆகுமா?*
– வாசகி, மந்தைவெளி

ஆகும் அம்மா. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும் 11 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது.

2019 மே மாதம் ஒரு வண்டியை டெஸ்ட் ஓட்டிப் பார்க்கச் செருப்போடு கிளம்பினேன். எழும்பூர் வரை போய்த் திரும்ப முக்கால் மணி நேரம் ஆனது. வீட்டில் குளிக்கும்போதுதான் மனைவி பார்த்தாள்: கணுக்காலுக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வெந்து தொங்கியது. எனக்கு வலியே இல்லை. அந்த வலியில்லாமைதான் என்னை உலுக்கியது. சர்க்கரை நாள்பட்டால் கால் நரம்புகள் மரத்துப்போகும். சுடுகிறது, காலை எடு என்று சொல்ல வேண்டிய நரம்பு பேசாமல் இருந்துவிடும். புண் ஆற எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

பழுக்கக் காய்ந்த சைலன்சர் தொட்டால்தான் சுடும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. 50 டிகிரிச் சூடு ஒரே இடத்தில் சில நிமிடம் பட்டுக்கொண்டே இருந்தால் போதும். 44 டிகிரியில் கூடப் பல மணி நேரம் பட்டால் தோல் வெந்துவிடும். நல்ல நரம்பு உள்ளவர் அதற்குள் காலை நகர்த்திவிடுவார். அப்பா நகர்த்தமாட்டார். கொப்புளமே வராமல், தினமும் அனல் படும் இடத்தில் பழுப்பு நிறக் கோடுகள் வலை பின்னின மாதிரித் தோன்றினாலும் அது சூட்டால் வந்த மாற்றமாக இருக்கலாம். அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். இன்றே அவரை அழைத்துப் போங்கள். ஆறிவிடும் என்று ஒரு நாள் கூடத் தள்ளிப்போட வேண்டாம். அதன் பிறகு கணுக்காலை மூடும் ஷூவும் பருத்தி சாக்ஸும் முழு பேன்ட்டும் இல்லாமல் வண்டியைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். இரவில் இரண்டு காலையும் யாராவது ஒருவர் வெளிச்சத்தில் பாருங்கள். எனக்கு என் மகள் பார்க்கிறாள்.

முடிந்தால் பைக்கை விற்றுவிட்டு ஸ்கூட்டருக்கு மாறுங்கள். ஸ்கூட்டரில் எஞ்சின் சீட்டுக்கு அடியில், பின்னால் இருக்கிறது. ஓட்டுகிறவர் கால் முன்னால் பலகையில் இருக்கும். அனல் படவே படாது. மார்க்கெட் போய்வருவதற்கு அதுவே போதும். ஆம்பளைக்கு பைக்தான் என்று அப்பா சொன்னால், நான் இப்போது ஸ்கூட்டரில்தான் பட்டறைக்குப் போகிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள்.

*பின்னால் உட்கார்ந்து போய் இறங்கும்போது கெண்டைக்காலில் சைலன்சர் பட்டுவிட்டது. மாமியார் உடனே டூத்பேஸ்ட் தடவினார். தழும்பு போகவில்லை. அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்?*
– வாசகி, பெரம்பூர்

டூத்பேஸ்ட், இங்க், காப்பித்தூள், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து, ஓடும் சாதாரணத் தண்ணீரில் முழுதாக 20 நிமிடம் காட்டுங்கள். 20 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது. கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு சுத்தமான துணியால் லேசாக மூடி டாக்டரிடம் போங்கள். லெக்கிங்ஸ் போன்ற நைலான் துணி உருகித் தோலில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். அதோடேயே தண்ணீர் விடுங்கள். பெரிய காயமென்றால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

நம் வண்டிகளில் சைலன்சர் பெரும்பாலும் வலது பக்கம். ஏறுவதும் இறங்குவதும் இடது பக்கமே இருக்கட்டும். குழந்தைகளுக்கு இதை விளையாட்டு மாதிரிப் பழக்கிவிடுங்கள். சைலன்சர் மேல் இருக்கும் தகடு கழன்று ஆடுகிறது என்று பிடுங்கி எறிந்திருந்தால், வீட்டுக்காரரிடம் சொல்லி இந்த வாரமே புதிதாக மாட்டச் சொல்லுங்கள். அது அழகுக்காக வைத்ததில்லை.

*பென்ட் பைப்பில் சுற்றும் வெள்ளைத் துணி நாடா, கெட்டியான ஆயில், பெட்ரோலில் ஊற்றும் மருந்து. இதில் எது சூட்டைக் குறைக்கும்?*
– வாசகர், திருவொற்றியூர்

நாடா காலில் படும் அனலைக் குறைக்கும், உண்மை. ஆனால் சூட்டைப் பைப்புக்குள்ளேயே அடைத்து வைக்கும். மழையில் நனைந்தால் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் இருப்பதோ கடலோரம். உப்புக்காற்றில் அந்த நாடாவுக்கு அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்த பைப்புகளை நானே கழற்றியிருக்கிறேன். வேண்டாம். பைப்பிலிருந்து இடைவெளி விட்டு மாட்டும் தகடு போதும், நடுவில் காற்று போகும்.

ஆயில், கையேட்டில் போட்டிருக்கும் கிரேடுதான். கெட்டியாக ஊற்றினால் சூடு குறையும் என்பது தவறான நம்பிக்கை. அளவு குறையாமல் பார்த்துக்கொள்வதும், நெரிசலிலேயே ஓடும் வண்டிக்குக் கொஞ்சம் முன்கூட்டியே மாற்றுவதும்தான் பலன் தரும். பெட்ரோலில் ஊற்றும் மருந்துக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு நல்ல ஷூ வாங்கிக்கொள்ளுங்கள்.